எட்டுக் கிலோவின் கணக்கு

ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மிக உயரமான சிகரம் மோன் பிளாங். அதன் உச்சிக்குப் போகாமல் மலையை முழுவதுமாகச் சுற்றிவர ஒரு நடைபாதை இருக்கிறது: தூர் டு மோன் பிளாங். நம் ஊரில் கிரிவலம் போகிறவர்களுக்கு இந்த ஏற்பாடு உடனே புரிந்துவிடும். ஆனால் இந்த வலத்தின் நீளம் ஏறத்தாழ 170 கிலோமீட்டர். பிரான்ஸில் தொடங்கி, 2,516 மீட்டர் உயரத்தில் ஒரு கணவாயைக் கடந்து இத்தாலிக்குள் இறங்கி, 2,537 மீட்டரில் இன்னொன்றைக் கடந்து சுவிட்சர்லாந்துக்குள் போய், மூன்றாவது எல்லையையும் தாண்டித் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். பெரும்பாலானோர் இதைப் பத்து நாட்களில் நடக்கிறார்கள். அதற்குள் ஏறும் உயரத்தையெல்லாம் கூட்டினால் சுமார் 10,000 மீட்டர். வட்டப் பாதை என்பதால் இறங்குவதும் அதே 10,000 மீட்டர்.

இந்தப் பாதையில் சாதாரண ஆட்களும் நடக்க முடிவதற்குக் காரணம் மலைக்குடில்கள். மாலையில் ஒரு குடிலை அடைந்தால் சூடான சாப்பாடு, படுக்கை, கம்பளி, காலையில் ரொட்டியும் காபியும் கிடைக்கும். கூடாரம், அடுப்பு, பாத்திரம், பத்து நாள் மளிகை எதையும் தூக்க வேண்டாம். சுவிட்சர்லாந்தின் மலையேற்றச் சங்கம் 1863-இல் தொடங்கப்பட்டது. தன் முதல் குடிலையும் அதே ஆண்டில் கட்டிவிட்டது. சுமையைக் குறைக்கும் வேலையில் பெரும்பகுதி அப்போதே முடிந்துவிட்டது என்று சொல்லலாம்.

ஆனாலும் இன்று நடப்பவர்கள் பையைக் கிராம் கணக்கில் நிறுக்கிறார்கள். பல்துலக்கியின் கைப்பிடியைப் பாதியாக அறுப்பவர்கள் உண்டு. சட்டையின் விலைச்சீட்டையும் துணிச்சீட்டையும் கத்தரித்துவிட்டுத் தராசில் வைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. இந்தச் சிக்கனத்துக்கு எவ்வளவு பலன் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு கிலோ எடையை 10,000 மீட்டர் உயர்த்துவதற்கு வேண்டிய ஆற்றல் 98 கிலோஜூல். தசை, தான் எரிக்கும் உணவில் ஏறத்தாழ கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும். மீதி வெப்பமாகப் போய்விடும். ஆகவே உடல் செலவழிப்பது நான்கு மடங்கு, அதாவது 390 கிலோஜூலுக்குச் சற்று மேல். உணவுக் கணக்கில் 94 கிலோகலோரி. சமதளத்தில் நடப்பதற்கும் செலவு உண்டு. ஒரு கிலோவை ஒரு மீட்டர் கொண்டுபோகச் சுமார் 2 ஜூல் என்று வைத்தால், 170 கிலோமீட்டருக்கு 80 கிலோகலோரி. இரண்டையும் கூட்டினால் 175-ஐ எட்டுவதில்லை.

அதாவது, பையில் ஒரு கிலோ கூடுதலாக இருந்தால் பத்து நாளுக்கும் சேர்த்து உடல் கூடுதலாகக் கேட்பது இரண்டு வாழைப்பழம். இதற்கா பல்துலக்கியை அறுத்தார்கள்?

கணக்கில் தவறில்லை. சுமை நம்மை வருத்துவது ஆற்றல் கணக்கில்தான் என்று நினைப்பதுதான் தவறு. எடை வேறு இடங்களில் கடிக்கிறது. எங்கே என்று தெரிந்துகொண்டால், எதைக் குறைப்பது, எதன்மேல் கை வைக்கவே கூடாது என்பது தெரிந்துவிடும்.

சுமையோடு நடப்பவர் நொடிக்கு எவ்வளவு ஆற்றல் செலவழிக்கிறார் என்பதைச் சொல்ல ஒரு பிரபலமான சூத்திரம் இருக்கிறது. அமெரிக்க ராணுவத்தின் ஆய்வாளர்களான பாண்டால்ஃப், கிவோனி, கோல்ட்மன் மூவரும் 1977-இல் வெளியிட்டது. உடல் எடை, சுமை, வேகம், ஏற்றத்தின் சரிவு, தரையின் தன்மை ஆகியவற்றைக் கொடுத்தால் விடை வாட் அலகில் வரும். 65 கிலோ எடையுள்ளவர் 8 கிலோ பையோடு, நூற்றுக்குப் பதினைந்து சரிவுள்ள பாதையில், நொடிக்கு 0.8 மீட்டர் வேகத்தில் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 430 மீட்டர் உயரம் ஏறும் வேகம் அது. கோடைக்கால ஆல்ப்ஸில் நல்ல மிதமான நடை. சூத்திரத்தின் விடை சுமார் 475 வாட். பையே இல்லாவிட்டால் 433. ஆக எட்டுக் கிலோவின் விலை பத்து சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. கொஞ்சம் மெதுவாக ஏறினால் சரியாகிவிடும்.

இனி அதே ஆளை அதே பாதையில் கீழே இறக்குவோம். சரிவுக்கு மைனஸ் 15 என்று போட்டால் சூத்திரம் மைனஸ் 137 வாட் என்கிறது. இறங்கும் மனிதர் ஆற்றலைச் செலவழிக்கவில்லையாம், உற்பத்தி செய்கிறாராம்! சூத்திரத்தைச் செய்தவர்கள் மடையர்கள் அல்ல. அது ஏற்றத்துக்கும் சமதளத்துக்கும் அளந்து செய்தது. பின்னால் வந்தவர்கள் இறக்கத்துக்குத் தனித் திருத்தம் சேர்த்தார்கள். ஆனாலும் அந்த மைனஸ் விடையில் ஒரு உண்மை ஒளிந்திருக்கிறது. இறங்கும்போது ஆற்றல் உடலுக்குள் வந்துகொண்டுதான் இருக்கிறது. சேமித்து வைக்கத்தான் உடலில் இடம் இல்லை.

காலையில் ஏறிச் சேர்த்த நிலையாற்றல் முழுவதையும் மாலைக்குள் எங்காவது கரைத்தாக வேண்டும். அந்த வேலை தொடையின் முன்பக்கத் தசைக்கு வந்து சேர்கிறது. ஏற்றத்தில் அது சுருங்கிக்கொண்டே வேலை செய்யும். இறக்கத்தில் நீண்டுகொண்டே வேலை செய்யும். முழங்கால் மடியாமல் தாங்கிக்கொண்டு, பிரேக் பிடித்தபடி இழுபடும். இப்படி இழுபட்டுக்கொண்டே விசை தரும் தசைக்கு ஆக்ஸிஜன் குறைவாகத்தான் வேண்டும். அதனால்தான் இறங்கும்போது மூச்சு வாங்குவதில்லை. ஆனால் தசைநாரின் உள்ளே நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. வலி அன்றைக்கே தெரியாது. ஒன்றிலிருந்து மூன்று நாள் கழித்து உச்சத்துக்கு வரும். தியோடர் ஹஃப் என்ற அமெரிக்க உடலியலாளர் 1902-லேயே இந்தத் தாமதமான வலியைத் தசையின் உள்ளே நேரும் கிழிசலோடு தொடர்புபடுத்தினார். குடில்நடையில் முதல் நாள் உற்சாகமாகப் போனவர்கள் மூன்றாம் நாள் காலையில் படிக்கட்டைப் பின்புறமாக இறங்குவது இதனால்தான்.

ஒரு அடிக்கு 15 சென்டிமீட்டர் இறங்குகிறோம் என்றால், 10,000 மீட்டருக்கு ஏறத்தாழ 67,000 அடிகள். கூடுதலாக எடுத்துவந்த ஒரு கிலோ ஒவ்வொரு அடியிலும் ஒருமுறை முழங்காலில் வந்து விழும். வாழைப்பழக் கணக்கில் சிக்காத செலவு இது.

இதிலிருந்து வரும் முதல் முடிவு, பையில் வைக்கும் பொருளைப் பற்றியதே அல்ல. இரண்டு நடைக்கோல்கள் எடுத்துக்கொள்ளுங்கள். சால்ஸ்பர்க்கில் ஷ்வாமெடரும் அவர் குழுவினரும் 1999-இல் வெளியிட்ட அளவீட்டின்படி, இறக்கத்தில் கோல் ஊன்றி நடந்தால் முழங்கால் மூட்டின் மேல் வரும் விசைகள் 12 முதல் 25 சதவீதம் குறைகின்றன. இரு கோல்களும் சேர்ந்து அரைக் கிலோவுக்குள் இருக்கும். எடை கூட்டுவதால் சுமை குறைகிற அபூர்வமான பொருள். இளைஞர்களுக்கு இதைக் கையில் பிடிக்கக் கூச்சம்; மூன்றாம் நாள் வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்பார்கள்.

இரண்டாவது இடம் பாதம். பையில் ஒரு கிலோ கூடுவதும் செருப்பில் ஒரு கிலோ கூடுவதும் ஒன்றல்ல. காலில் கட்டிய எடை, முதுகில் வைத்த எடையைவிட ஐந்து மடங்கு அளவில் ஆற்றலைத் தின்கிறது என்று பல அளவீடுகள் காட்டியிருக்கின்றன. காரணம் எளிது. முதுகுப்பை ஏறத்தாழ சீரான வேகத்தில் முன்னே போகிறது. பாதம் அப்படிப் போவதில்லை. தரையில் அசையாமல் நிற்கும், பிறகு உடலின் வேகத்தைப்போல இரு மடங்குக்கும் மேலாகப் பாய்ந்து முன்னால் வரும், மறுபடி நிற்கும். ஒவ்வொரு அடியிலும் அதைப் புதிதாக முடுக்க வேண்டும், புதிதாக நிறுத்த வேண்டும். கனமான தோல் பூட்ஸுக்கும் இலேசான மலைக் காலணிக்கும் ஜோடிக்கு 800 கிராம் வித்தியாசம் என்றால், முதுகில் நான்கு கிலோவைக் குறைத்ததற்குச் சமம். பல்துலக்கியை நாற்பது ஐம்பது முறை அறுத்தாலும் வராத லாபம்.

ஆனால் ஜூன் மாதத்தில் போகிறவர்கள் இந்தக் கணக்கை அப்படியே நம்பக் கூடாது. 2,500 மீட்டர் கணவாய்களில் போன குளிர்காலத்துப் பனி இன்னும் கிடக்கும். காலைக் குளிரில் இறுகிப்போன அந்தச் சரிவில் காலைக் குத்திப் பிடிமானம் தேட, அடிப்பாகம் விறைப்பான பூட்ஸ் வேண்டும். ஆகஸ்ட்டில் இலேசான காலணி போதும் என்பது என் கட்சி.

கொப்புளத்துக்கும் இங்கேயே இடம் கொடுத்துவிடலாம். தோல் மேலே தேய்ந்து கொப்புளம் வருவதாக நினைக்கிறோம். உண்மையில் காலணியோடு ஒட்டிக்கொண்ட மேல்தோல் ஒரு பக்கமும், எலும்போடு நகரும் உள்பகுதி மறுபக்கமும் இழுக்க, இடையில் உள்ள அடுக்கு பிரிந்து நீர் கோத்துக்கொள்கிறது. ஈரமான தோல் அதிகமாகப் பற்றிக்கொள்ளும். அதனால் இழுபடுவதும் அதிகம். மூன்று ஜோடிக் காலுறை, நண்பகலில் ஒருமுறை மாற்றிக்கொள்ளும் சோம்பலின்மை, குதிகாலில் முதல் எரிச்சலிலேயே ஒட்ட ஒரு சுருள் ஒட்டுநாடா. நூறு கிராம்தான்.

இப்போது பையின் உள்ளே வருவோம். அங்கே முக்கியமான எதிரி ஈரம்.

மேலே சொன்ன ஆள் 475 வாட் செலவழித்து ஏறும்போது, அதில் 85 வாட் அளவுதான் உயரமாக மாறுகிறது. மீதி 390 வாட் வெப்பம். கணவாயை அடைந்து உட்கார்ந்த சில நிமிடங்களில் உடலின் வெப்ப உற்பத்தி 100 வாட்டை நோக்கி இறங்கிவிடும். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் காற்று சராசரியாக ஆறரை டிகிரி குளிர்ந்திருக்கும்; கணவாயில் காற்று வேறு அடிக்கும். ஏறும்போது சட்டை ஒரு கிண்ணம் வியர்வையை, 200 மில்லிலிட்டர் என்று வையுங்கள், குடித்திருக்கிறது. அதை ஆவியாக்க 486 கிலோஜூல் வேண்டும். உட்கார்ந்திருக்கும் உடல் தன் வெப்பம் முழுவதையும் கொடுத்தாலும் எண்பது நிமிடம் ஆகும். வேறு செலவுக்கு உடலிடம் வெப்பமே மிஞ்சாது.

நம் ஊர் வெயிலில் பருத்திச் சட்டை சுகமாக இருப்பதும் இதே காரணத்தால்தான். பருத்தி நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு மெல்ல ஆவியாக்கி உடலைக் குளிர வைக்கும். மதுரையில் வரம், கணவாயில் ஆபத்து. நீர், காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். துணியின் இழைகளுக்கு நடுவில் சிறைப்பட்ட காற்றுதான் நமக்குக் கதகதப்பு. அந்த இடத்தில் நீர் புகுந்தால் கதகதப்பு போயிற்று.

இது வெறும் அசௌகரியம் அல்ல என்று 1964-இல் தெரிந்தது. அந்த ஆண்டு மார்ச் மாதம் இங்கிலாந்தின் டெர்பிஷயர் மேட்டுநிலங்களில் ‘ஃபோர் இன்ஸ்’ என்ற நெடுநடைப் போட்டி நடந்தது. மழையும் காற்றும் குளிருமாக இருந்த அந்த நடையில் மூன்று இளைஞர்கள் உடல் குளிர்ந்து இறந்தார்கள். கிரிஃபித் பியூ இதை ஆராய்ந்தார். 1953-இல் எவரெஸ்ட்டை எட்டிய பயணத்தில் உடலியலாளராகச் சென்றவர் அவர். அந்த இளைஞர்கள் அணிந்திருந்தவற்றைப் போன்ற உடைகளை ஆய்வகத்தில் நனைத்து, காற்றடிக்க வைத்து அளந்தார். ஈரமும் காற்றும் சேர்ந்தபோது உடை தன் காப்புத்திறனில் பெரும்பகுதியை இழந்தது. அவர் கவனித்த இன்னொன்று இதைவிடக் கொடியது: வேகமாக நடக்கிற வரை உடலின் வெப்பம் இழப்பை ஈடுகட்டும், களைத்து வேகம் குறைந்ததும் வெப்பமும் குறையும், குளிர் ஏறும், குளிர் ஏற ஏற வேகம் இன்னும் குறையும். அந்தச் சுழலில் சிக்கியவர் தானாக வெளியே வருவது அரிது.

ஆகவே பையில் இருக்கும் துணி நடக்கும் உடலுக்கானது என்று நினைத்து அடுக்கக் கூடாது. நடக்கும் உடலுக்கு ஒரு மெல்லிய சட்டை போதும். மற்றதெல்லாம் நிற்கும் உடலுக்கு, களைத்த உடலுக்கு, காலில் சுளுக்கிக்கொண்டு மழையில் ஒரு மணி நேரம் காத்திருக்கும் உடலுக்கு. மழையும் காற்றும் புகாத மேலங்கி, அதற்குள் போட ஒரு கனமில்லாத குளிரங்கி, தொப்பி, மெல்லிய கையுறை, மழைக் கால்சட்டை. எல்லாம் சேர்த்து ஒன்றேகால் கிலோ. கிராம் கணக்குப் பார்ப்பவர்கள் முதலில் கை வைப்பது இங்கேதான், வானிலை நன்றாக இருக்கிறதே என்று. அது கூடாது. இவற்றைப் பையின் அடியில் புதைப்பதும் கூடாது. கணவாயில் நின்ற இரண்டாம் நிமிடம் கைக்கு வர வேண்டும்.

தோலை ஒட்டிப் போடும் சட்டை பாலியெஸ்டரா, மெரினோ கம்பளியா என்பது நடைக்காரர்களிடையே முடிவில்லாத வழக்கு. இங்கே இந்த மலையோடு தொடர்புள்ள ஒரு பழைய ஆளைக் கூப்பிடலாம். ஜெனீவாவைச் சேர்ந்த ஒராஸ்-பெனடிக்ட் டி சோஸ்யூர், 1760-இல் மோன் பிளாங் உச்சிக்கு முதலில் வழி காண்பவருக்குப் பரிசு அறிவித்தவர். 1767-இல் அந்த மலையைச் சுற்றி வந்தார். 1786-இல் பால்மாவும் பக்கார்டும் உச்சியை அடைந்த பிறகு, அடுத்த ஆண்டு தாமே ஏறினார். கூடவே ஒரு வேலையாளும் பதினெட்டு வழிகாட்டிகளும், கருவிகள் சுமந்து. எடையைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்க அது ஒரு வழி. அந்த சோஸ்யூர் 1783-இல் வெளியிட்ட கருவிதான் முடி ஈரமானி. மனித முடி காற்றின் ஈரத்தை உறிஞ்சினால் நீளும், காய்ந்தால் சுருங்கும். வித்தியாசம் இரண்டரை சதவீதம் அளவு. முடியை ஒரு முள்ளோடு கட்டினால் ஈரத்தின் அளவை அது காட்டும்.

ஆட்டு மயிரும் அதே கெரட்டின் புரதம்தான். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை நீராவியை இழைக்கு உள்ளேயே வாங்கி வைத்துக்கொள்ளும். மேற்பரப்பு ஈரமாகத் தெரியாது. வாங்கும்போது கொஞ்சம் வெப்பத்தையும் வெளியிடும். பாலியெஸ்டர் இழைக்குள் நீர் ஒரு சதவீதம்கூடப் போகாது. எனவே வேகமாகக் காயும். ஆனால் வியர்வை மேற்பரப்பிலேயே தங்குவதால் நாற்றம் சீக்கிரம் பிடிக்கும். ஆக, தினமும் துவைக்கத் தயாரானவருக்குப் பாலியெஸ்டர், துவைக்க அலுப்புப்படுபவருக்குக் கம்பளி. எதுவானாலும் இரண்டு போதும்: நடக்க ஒன்று, மாலையில் மாற்ற ஒன்று. மாலைச் சட்டையை மட்டும் ஒருபோதும் நடையில் போடக் கூடாது. காலையில் ஈரச் சட்டையை மறுபடி மாட்டுவது கொடுமைதான். பத்து நிமிட ஏற்றத்தில் மறந்துவிடும்.

மற்றவற்றைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பையிலேயே கனமான ஒற்றைப் பொருள் தண்ணீர். வழியில் ஊர்களும் குடில்களும் குழாய்களும் இருப்பதால் பெரும்பாலான நாட்களில் ஒன்றரை லிட்டர் போதும். கனமானதை முதுகை ஒட்டி வையுங்கள். பையின் எடைமையம் பத்து சென்டிமீட்டர் பின்னால் போனால் அதை ஈடுகட்ட உடல் முன்னால் சாய வேண்டியிருக்கும், நாள் முழுக்க. பையின் உள்ளே ஒரு பெரிய பிளாஸ்டிக் உறை; வெளியே போடும் மழையுறையை நம்பிக் கெட்டவர்கள் அதிகம். யூரோவும் சுவிஸ் பிராங்கும் ரொக்கமாக. கறுப்புக் கண்ணாடி, ஏனென்றால் ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதம் அளவில் புறஊதாக் கதிர் கூடும், பனி அதைத் திருப்பியும் அடிக்கும். ஒரு விசில்: ஆல்ப்ஸில் உதவிக்கு அழைக்கும் முறை, நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி ஒரு நிமிடம் நிறுத்துவது, கேட்டவர் நிமிடத்துக்கு மூன்று முறை பதில் ஊதுவார். 1894 முதல் இதுதான் வழக்கம். கைபேசிக்குச் சிக்னல் இல்லாத பள்ளத்தாக்குகள் இன்னும் இருக்கின்றன.

குடிலின் விதிகளும் பையைத் தீர்மானிக்கின்றன. பூட்ஸை வாசலிலேயே கழற்றி வைக்க வேண்டும். படுக்கைக் கம்பளியைத் தினமும் துவைக்க மலைமேல் தண்ணீர் ஏது? எனவே உள்ளே நுழைந்து படுக்க அவரவர் ஒரு தூக்க உறை கொண்டுவர வேண்டும். பட்டில் தைத்தது 130 கிராம் அளவில் கிடைக்கும். பருத்தியில் அதைப்போல இரு மடங்கு. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து பையையே படுக்கையறைக்குள் விடாத குடில்கள் இருக்கின்றன. அங்கே இரவுக்கு வேண்டியதை மட்டும் ஒரு சிறு துணிப்பையில் பிரித்து எடுத்துக்கொள்ள வேண்டும். இருபது பேர் படுக்கும் அறையில் இரவு பத்து மணிக்கு விளக்கை அணைத்த பிறகு பிளாஸ்டிக் கவரைச் சரசரவென்று துழாவுபவரை மூன்று மொழிகளில் திட்டுவார்கள்.

அந்த இருபது பேரில் நான்கைந்து பேராவது குறட்டை விடுவார்கள். நுரையால் செய்த காதடைப்பான் ஒரு ஜோடி ஒரு கிராம்கூடத் தேறாது. சரியாகச் சுருட்டிச் செருகினால் 30 டெசிபெல் அளவுக்கு ஒலியைக் குறைக்கும். டெசிபெல் மடக்கை அளவு. 30 என்றால் காதுக்குள் போகும் ஒலிச்செறிவு ஆயிரத்தில் ஒரு பங்கு. கிராமுக்கு இவ்வளவு லாபம் தரும் வேறு பொருள் பையில் இல்லை. இரண்டு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள்; ஒன்று எப்படியும் கட்டிலுக்கு அடியில் உருண்டுவிடும், அல்லது பக்கத்துப் படுக்கைக்காரர் கெஞ்சிக் கேட்பார்.